அரசர் பெயரை எடுத்துவிட்டு அச்சடித்த புத்தகம்

எல்லோருக்கும் வணக்கம். கலைக்களஞ்சியம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது கொஞ்சம் திணறினேன். கலைக்களஞ்சியத்தை யாரும் கதைபோல முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. வேண்டியதைப் புரட்டிப் பார்க்கிறோம், மூடி அலமாரியில் வைக்கிறோம். அதை யார் அச்சடித்தார், காசு யார் போட்டார் என்று கேட்பதே இல்லை. எனக்கு அந்தக் காசு விஷயத்தில்தான் ருசி. அதனால் பிலடெல்பியாவில் ஓர் அச்சகக்காரர் பட்ட பாட்டை இன்று சொல்கிறேன். அமெரிக்காவின் முதல் கலைக்களஞ்சியம் அவர் கையால் வந்தது.

பெயர் தாமஸ் டாப்சன். ஸ்காட்லாந்துக்காரர். 1780-களில் பிலடெல்பியாவுக்கு வந்து, தெற்கு இரண்டாம் தெரு 41-ஆம் எண்ணில் புத்தகக் கடையும் அச்சகமும் வைத்தார். அந்தக் கட்டடத்துக்குப் பெயரே ‘கல் வீடு’. ஆடம் ஸ்மித் எழுதிய ‘நாடுகளின் செல்வம்’ அமெரிக்காவில் முதன்முதலில் அச்சானது இவரிடம்தான், 1789-இல். நல்ல சரக்கு எது என்று தெரிந்த வியாபாரி.

அப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’வின் மூன்றாம் பதிப்பு வந்துகொண்டிருந்தது. ‘வந்துகொண்டிருந்தது’ என்று தெரிந்துதான் சொல்கிறேன். இன்றுபோல் மொத்தமாக வெளியாகவில்லை. 1788-இல் தொடங்கி, வாராவாரம் ஒரு சிறு பகுதியாக வெளியிட்டு, 18 தொகுதிகள் முடியும்போது 1797 ஆகிவிட்டது. டாப்சன் என்ன செய்தார் என்றால், 1789-இல் விளம்பரம் கொடுத்தார்: இதே கலைக்களஞ்சியத்தை, திருத்தி மேம்படுத்தி, அமெரிக்கப் பதிப்பாக நான் தருகிறேன், சந்தா கட்டுங்கள் என்று. அதாவது பாதி வழியில் இருக்கும் ஒரு புத்தகத்தின் பின்னாலேயே ஓடப் போகிறேன் என்கிறார். எடின்பரோவில் அச்சான தாள் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டும். வந்ததும் இவர் பிரித்துப் பார்த்து, வேண்டியதை மாற்றி, மறுபடி எழுத்துக் கோத்து அடிக்க வேண்டும்.

இது திருட்டு இல்லையா என்று கேட்பீர்கள். சட்டப்படி இல்லை. அமெரிக்காவின் முதல் பதிப்புரிமைச் சட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டது 1790 மே 31-இல். அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்தான் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு. வெளிநாட்டுக்காரர் எழுதியதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். டாப்சனின் கலைக்களஞ்சியத்துக்குச் சந்தா கட்டியவர்களில் அதே வாஷிங்டனும் ஒருவர். ஜெஃபர்சன், ஹாமில்டன் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. எடின்பரோவில் படம் செதுக்கியும் பக்கம் பார்த்தும் உழைத்த ஆண்ட்ரூ பெல்லுக்கும் காலின் மக்ஃபார்குவருக்கும் ஒரு செப்புக்காசு போகவில்லை. ஐம்பது வருடம் கழித்து 1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்காவுக்குப் போய் மேடை மேடையாக இதைத்தான் புலம்பினார். விருந்துக்குக் கூப்பிட்டால், வந்த இடத்தில் காசு கேட்கிறாரே என்று அங்கே பத்திரிகைக்காரர்களுக்குக் கோபம்.

சரி, டாப்சனுக்கு வருவோம். வேலையைத் தொடங்கும்போது அவர் கையில் இருந்த சந்தாதாரர்கள் 246 பேர். நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 39 லட்சம்தான், 1790 கணக்கெடுப்பின்படி. படம் செதுக்கத் தெரிந்தவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இருந்தாலும் முதல் தொகுதியை ஆயிரம் படி அடித்தார். 246 பேரை வைத்துக்கொண்டு ஆயிரம் படி! எனக்கு இந்த இடத்தில் அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வருகிறது. ஆனால் போகப் போகச் சந்தா ஏறியது. ஏறியதும் புதுச் சிக்கல். நடுவில் சேர்ந்தவர்களுக்கும் முதல் தொகுதி வேண்டுமே? அது தீர்ந்துவிட்டது. மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

மறுபடி அடிப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று இளையவர்கள் நினைக்கலாம். ஈய எழுத்து அச்சகம் பார்த்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். பள்ளி நாட்களில் எங்கள் தெரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாவதை நான் நின்று பார்த்ததுண்டு. கம்போசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பார். புரூஃப் எடுப்பார், திருத்துவார், அடிப்பார். அடித்து முடித்த கையோடு எழுத்துகளைக் கழுவி, பிரித்து, அந்தந்த அறையில் போட்டுவிடுவார். போடாவிட்டால் அடுத்த பத்திரிகைக்கு எழுத்து கிடையாது. மறுநாள் காலையில் கல்யாண வீட்டுப் பெரியவர் வந்து, “இன்னும் ஒரு 50 மட்டும் போட்டுக் கொடுத்துடு தம்பி” என்பார். கம்போசிட்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ‘மட்டும்’ இருக்கிறதே, அது மொத்த வேலையையும் முதலிலிருந்து செய்வது. கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம். டாப்சனின் தொகுதி ஒன்று சுமார் 800 பக்கம். அடுத்த தொகுதிகளை நிறுத்தாமல், கூடவே இதையும் கோத்து அடித்தார்கள்.

அந்த எழுத்துகளும் சும்மா வரவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து பேரனோடு வந்து பிலடெல்பியாவில் எழுத்து வார்ப்படம் போட்டிருந்த ஜான் பெயின் என்ற முதியவரிடம் வார்த்து வாங்கினார். காகிதமும் உள்நாட்டுது, எழுத்தும் உள்நாட்டுது, செப்புத்தகட்டுப் படங்களும் உள்நாட்டில் செதுக்கியவை என்பதில் டாப்சனுக்குப் பெருமை அதிகம். உள்ளே இருக்கும் சரக்கு முக்கால்வாசிக்கு மேல் எடின்பரோவுடையது என்பதை விளம்பரத்தில் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை, அது வியாபாரம். மொத்தம் 542 படத்தகடுகள் என்று முகப்புத்தாளிலேயே போட்டார். அவற்றைச் செதுக்கியவர்களில் ராபர்ட் ஸ்காட் என்பவர், பின்னால் அமெரிக்க நாணயச் சாலையின் முதல் தலைமைச் செதுக்குநர் ஆனார். அந்த நாட்டுக் காசில் முகம் வருவதற்கு முன்னால் அதே கை இந்தப் புத்தகத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தது.

வாரப் பகுதி என்று சொன்னேன் இல்லையா, அது கைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். கட்டுரை முடிகிற இடத்தில் பகுதி முடியாது. தாள் தீர்ந்த இடத்தில் முடியும். வாக்கியம் பாதியில் நிற்கும். பக்கத்தின் அடியில் வலது மூலையில் ஒரே ஒரு சொல் தனியாக அச்சாகியிருக்கும். அடுத்த பக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும் என்று பைண்டருக்கு அடையாளம். வீட்டுக்காரர் இவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு தொகுதி ஆனதும் தைக்கக் கொடுக்க வேண்டும். அறிவு அகர வரிசையில் வாராவாரம் வீட்டுக்கு வருகிறது. ‘ஏ’ வரும் வருடத்தில் ‘எஸ்’ பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஏழெட்டு வருடம் பொறுத்திருக்க வேண்டும்!

அந்தப் பொறுமைக்கு எல்லோருக்கும் ஆயுள் இருக்கவில்லை. 1793-இல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். அப்போது அதுதான் நாட்டின் தலைநகரம். வாஷிங்டன் உட்பட அரசாங்கமே ஊரைவிட்டுப் போனது. அந்தக் கொள்ளைநோய்க்கு நடுவில், செப்டம்பர் 8 அன்று டாப்சனின் அச்சகம் தீப்பிடித்தது. பட்ட காலிலே படும் என்பது இதுதான். ஆனால் மனிதர் நிறுத்தவில்லை. 1798-இல் 18 தொகுதிகளும் முடிந்தன.

இங்கே ஒரு வேடிக்கை. எல்லாத் தொகுதிகளுக்கும் முகப்புத்தாளைக் கடைசியில்தான் கொடுத்தார். அதனால் 1790-இல் அச்சான முதல் தொகுதியைத் திறந்தாலும் முகப்பில் 1798 என்றுதான் இருக்கும். ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு.

அந்த முகப்புத்தாளில் இன்னொன்றையும் பாருங்கள். ‘பிரிட்டானிகா’ என்ற சொல் இல்லை. வெறும் ‘என்சைக்ளோபீடியா’. மூலத்தில் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்குக் காணிக்கை. டாப்சன் அதைத் தூக்கிவிட்டு, அமெரிக்காவில் கலைகளையும் அறிவியலையும் ஆதரிப்பவர்களுக்குக் காணிக்கை என்று போட்டார். எட்டு வருடம் அந்த அரசரோடு போரிட்டுப் பிரிந்த மக்களிடம் அவர் பெயரைப் போட்டு விற்க முடியுமா? ஆனால் கொள்கையைவிடக் கணக்குதான் இதில் எனக்கு முதலில் தெரிகிறது. காசு எங்கிருந்து வருகிறதோ, காணிக்கையும் அங்கேதான் போகிறது. எடின்பரோவுக்கு அரசர் புரவலர், பிலடெல்பியாவுக்குச் சந்தாதாரர்.

உள்ளே மாற்றியது கொஞ்சம்தான். ‘அமெரிக்கா’ என்ற கட்டுரையை அப்படியே விட முடியாது. எடின்பரோக்காரர்கள் அந்தப் போரைத் தோற்ற பக்கத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஜெடிடயா மோர்ஸ் என்ற பாதிரியாரிடம் கொடுத்து மாற்றி எழுத வைத்தார். புவியியல் நூல் எழுதிப் பெயர் வாங்கியவர். தந்திக்குக் குறியீடு கண்ட சாமுவேல் மோர்ஸ் இவர் பிள்ளைதான். அகர வரிசையின் புண்ணியத்தால் இந்தக் கட்டுரை முதல் தொகுதியிலேயே வந்துவிட்டது. சந்தா கட்டலாமா வேண்டாமா என்று யோசித்தவர் முதலில் புரட்டுவது அதைத்தானே? 1801-இல் எடின்பரோவில் இரண்டு பின்னிணைப்புத் தொகுதிகள் வந்தன. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் நாத்திகத்தையும் அராஜகத்தையும் பரப்பியது, இது அதற்கு மாற்றாக இருக்கட்டும் என்று அரசரிடம் சொல்லிக் காணிக்கை எழுதினார் பதிப்பாசிரியர் ஜார்ஜ் கிளெய்க். டாப்சன் அதையும் எடுத்து, பெருக்கி, 1803-இல் மூன்று தொகுதிகளாக அடித்தார்.

அப்புறம் சுமார் 25 வருடம் கழித்து, இன்னொரு ஆள் வருகிறார். இவர் அச்சகக்காரர் இல்லை, நீச்சல் வாத்தியார். பிரான்சிஸ் லீபர். பெர்லினில் பிறந்தவர். 1815-இல் நெப்போலியனை எதிர்த்த போரில் நமூர் என்ற இடத்தில் குண்டடி பட்டுப் பிழைத்தார். அரசியல் காரணத்துக்காக பிரஷ்ய அரசு சிறையில் போட்டது. கிரேக்க விடுதலைக்குச் சண்டை போடப் போனார். கடைசியில் 1827-இல் பாஸ்டனுக்கு வந்து உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் பள்ளியும் நடத்தினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸே வந்து குதித்துப் பார்த்தார். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் நீச்சல் சோறு போடவில்லை. கையில் இருந்த இன்னொரு சொத்து ஜெர்மன் மொழி. அதை எடுத்தார்.

லைப்சிக்கில் பிராக்ஹவுஸ் என்ற பதிப்பகத்தாரின் ‘கான்வர்சேஷன்ஸ் லெக்சிகான்’ சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டானிகாவில் வேதியியல் என்றால் ஒரு புத்தகம் நீளத்துக்குக் கட்டுரை. இதில் அப்படியில்லை. நடுத்தர வீட்டு மனிதர் நாலு பேர் நடுவில் பேசும்போது தெரிந்திருக்க வேண்டியதைச் சின்னச் சின்னக் கட்டுரையாகத் தரும். இதன் ஏழாம் பதிப்பை அடிப்படையாக வைத்து அமெரிக்கர்களுக்கு ஒன்று செய்யலாம் என்றார் லீபர். பிலடெல்பியாவின் கேரி, லீ, கேரி நிறுவனம் ஒத்துக்கொண்டது. 1829 முதல் 1833 வரை 13 தொகுதிகள். பெயர் ‘என்சைக்ளோபீடியா அமெரிக்கானா’. டாப்சன் நாட்டின் பெயரை எடுத்தார், இவர்கள் நாட்டின் பெயரைப் போட்டார்கள்.

லீபர் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர். அமெரிக்கர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ராபர்ட் வால்ஷிடம் எழுதி வாங்கினார். சட்டக் கட்டுரைகளை எழுதியவர் யார் தெரியுமா? உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி. 120 பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார், பெயர் போடாமல். நெப்போலியனைப் பற்றி எழுத, அவருடைய அண்ணன் ஜோசப் போனபார்ட்டுக்கே கடிதம் போட்டார். அவர் அப்போது நியூஜெர்சியில்தான் இருந்தார், ஸ்பெயினின் அரியணையை விட்டு வந்தவர். நெப்போலியனை எதிர்த்துக் குண்டு வாங்கிய மனிதர், கட்டுரை சரியாக இருக்க வேண்டும் என்று அவர் அண்ணனிடம் விவரம் கேட்கிறார். ஒரு பதிப்பாசிரியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தோன்றவில்லை. 1847-இல் ஹென்றி வெதேக் என்பவர் 14-ஆம் தொகுதியைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

எடின்பரோவின் கதி என்ன ஆனது என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு எழுத்துக்கு அமெரிக்கா பதிப்புரிமை கொடுத்தது 1891-இல்தான். அதுவரை பிரிட்டானிகாவின் ஒன்பதாம் பதிப்பைக்கூட அங்கே பலர் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1901-இல் ஹொரேஸ் ஹூப்பர் என்ற அமெரிக்கப் புத்தக வியாபாரி, கூட்டாளியோடு வந்து பிரிட்டானிகாவையே விலைக்கு வாங்கிவிட்டார். பதினோராம் பதிப்பு 1910-11-இல் 29 தொகுதிகளாக வந்தது. அதன் காணிக்கைப் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று ஐந்தாம் ஜார்ஜ் அரசர், ‘இந்தியப் பேரரசர்’ என்ற பட்டத்தோடு. அதற்குக் கீழே, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட்.