எருமை கிடந்தால்தான் தயிர்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்.

ஒரு கிழமை லீவு கிடைத்தால் மனம் நிறைவது வீட்டில் இருந்து வாசிப்பதிலும் விரும்பியதைச் செய்வதிலுமா, ஊர் சுற்றுவதிலா? கேள்வி இதுதான். வீடுதான் என்பது எங்கள் அணி. நான் வேறு பேச்சோடுதான் மேடை ஏறினேன். ஆனால் எதிரணித் தம்பி, லீவு எடுத்துப் புத்தகத்தோடு கிடக்கிறவர்கள் நம் மட்டக்களப்பு வாவிக்கரையில் கிடக்கிற எருமை மாதிரி என்று சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, எருமையைப் பற்றியே பேசுவோம்.

தம்பி, எருமை ஏன் தண்ணீரில் கிடக்கிறது தெரியுமா? அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு. உடம்புச் சூட்டைத் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்துதான் ஆற்ற வேண்டும். கிடக்க விடாமல் வெயிலில் நடத்திக்கொண்டே இருங்கள், பால் குறையும். பால் குறைந்தால் தயிர் ஏது? கொழும்பிலிருந்து வருகிற வான்கள் நம் தெருவோரம் எதற்கு நிற்கின்றன? சட்டித் தயிருக்கு! ஊர் சுற்ற வந்தவர்கள் மடியில் வைத்துப் பத்திரமாகக் காவிக்கொண்டு போவது, சும்மா கிடந்த எருமையின் தயிரை! அதுவும் சும்மாவா கிடக்கிறது? மேய்ந்ததை அசைபோடுகிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர். வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களை வாசித்து, அசைபோட்டு, கணக்குப் பார்த்து மீட்டெடுத்தார். 1947இல் யாழ் நூல் வந்தது. தம்பி எங்களைத் திட்டத்தான் நினைத்தார். வாயில் வந்ததோ எங்கள் அணிக்கான சாட்சி.

அடுத்து என் அத்தான் கதை. ஏப்ரல் லீவில் குடும்பத்தோடு நுவரெலியா போனார். விடியப்புறம் வான் பிடித்து, செங்கலடியால் திரும்பி, பதுளை வீதியில் ஏறி, வளைவுக்கு வளைவு பிள்ளைகள் சத்தி எடுத்து ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தார்கள். கிரகரி வாவியில் படகுச் சவாரிக்கு நீண்ட வரிசை. குளிர். அத்தான் நின்றார், காசு கட்டினார், பிள்ளைகளுக்குக் காதுத் தொப்பி போட்டு ஏற்றினார். படகு நடுவில் போனதும் சின்னவள் கேட்டாள்: "அப்பா, எங்கட வாவி இதைவிடப் பெரிசுதானே?"

"ஓம் மகள், பெரிசு."

"அப்ப அதில நாம ஏன் ஒருநாளும் தோணி ஏறல்ல?"

சபையோரே, இதை இன்னொரு தரம் சொல்ல வேண்டும். வீட்டு வேலிக்குப் பின்னால் வாவி, 56 கிலோமீற்றர் நீளம்! வாவிக்குள் இருந்து வரும் பாடும் மீனின் ஓசையைக் கேட்க நிலாக் காலத்தில் எங்கெங்கிருந்தோ கல்லடிப் பாலத்துக்கு வருகிறார்கள். அந்தப் பாலத்தால் ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போய் வருகிற மனிதர், 1873இல் வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டுவித்த வாவியில், காசு கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு இருக்கிறார். பிள்ளை கேட்கிறது, நாம ஏன் ஒருநாளும் தோணி ஏறல்ல?

அடுத்த லீவில் அத்தான் எங்கும் போகவில்லை. தூண்டிலும் தங்கூசியும் வாங்கினார். தெரிந்தவரிடம் தோணி இரவல் கேட்டார். மகளும் அவரும் காலையில் போனால் மத்தியானம்தான் வீடு திரும்பினார்கள். செப்பலி மீன் பிடித்தார்களோ இல்லையோ, அந்தக் கிழமை முழுக்க அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன்.

பயணம் அறிவைத் தரும் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, இந்தச் சனம் பயணம் போகாத சனமா? 1978 நவம்பரில் சூறாவளி கூரையைப் பிடுங்கியபோது போனோம். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது ஓடினோம். 2007இல் சண்டை வந்தபோது வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தது. இந்த மண்டபத்தில் பையைத் தூக்கி ஓடாதவர் எத்தனை பேர்?

என் அம்மாவும் ஓடியவர்தான். வாசிப்பில் கொள்ளை ஆசை. கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசிச் சரையைப் பிரித்து, கையால் நீவி, அடுப்படி வெளிச்சத்தில் வாசிப்பார். பாதிக் கதைதான் இருக்கும். மிச்சம் வேறு யார் வீட்டுச் சரையில் போனதோ!

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் லீவில் நின்ற கிழமை, மத்தியானம் விறாந்தையில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு நாவலை வாசித்தேன். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும், "மிச்சத்தையும் வாசி மனே" என்பார். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தேன். அம்மா முடிவு கேட்ட முதல் கதை அது.

எதிரணியினர் வந்து அவரிடம் சொல்லட்டும், எழும்புங்கள், வான் வந்துவிட்டது என்று. நடுவர் ஐயா, அவர் ஓடினது காணும். எங்கள் அம்மாக்கள் வீட்டில் இருக்கட்டும், நாங்கள் பக்கத்தில் இருந்து வாசிக்கிறோம். எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.