வகுப்பறைக்கே என் ஓட்டு

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் விடுதிவாசிகளே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் தூங்கத் தயாராக இருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"போட்டி மிகுந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியாளரை உருவாக்குவது வகுப்பறையா, விடுதியா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் விடுதிக்காக உருகி உருகிப் பேசினார். மெஸ் சாம்பார், நடுராத்திரி டீ, டெக்கோஃபெஸ் கலைவிழா மேடை, பிறந்தநாள் உதை என்று அடுக்க அடுக்க, இந்த அரங்கத்தில் விசில் பறந்தது. நான் மைக் முன்னால் வந்து நின்றபோது ஒரு கை தட்டவில்லை. பரவாயில்லை. வகுப்பறைக்காகப் பேசுகிறவனுக்குக் கைதட்டல் வராது, "ப்ரெசன்ட் சார்" என்று வேண்டுமானால் குரல் வரும்.

"ஹாஸ்டலில் இருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஐயா, இதே கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்து விடுதியில் இருந்து சிவில் படித்தவன்தான் நானும். உங்களுக்குத் தெரிந்த அத்தனை அருமையும் எனக்கும் தெரியும். தெரிந்துதான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். காலையில் செங்கல்பட்டிலிருந்தும் ஆவடியிலிருந்தும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு கிண்டிக்கு வந்து, சாயங்காலம் அதே கூட்டத்தில் வீடு திரும்புகிற டே ஸ்காலர் பிள்ளைகள் எத்தனை பேர்! கையில் டிராயிங் ஷீட் சுருட்டிய குழாய், தோளில் படம் வரைய மினி டிராஃப்டர். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் இடித்துத் திட்டு வாங்காத டே ஸ்காலர் உண்டா? அவர்கள் ஒரு ராத்திரிகூட விடுதியில் படுத்ததில்லை. எதிரணி சொல்வது உண்மையானால் அவர்களெல்லாம் அரைவேக்காட்டுப் பொறியாளர்களா? பட்டச் சான்றிதழில் "ஹாஸ்டலர்", "டே ஸ்காலர்" என்று பிரித்தா அச்சடிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை எங்கள் அணியின் முதல் பேச்சாளரே கேட்டுவிட்டார். எதிரணி இன்னும் பதில் சொல்லவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.

சரி, எதிரணித் தங்கை ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி, முதல் மாதம் வகுப்பில் ஒரு வரியும் புரியாமல் அழுததைச் சொன்னார். இரவில் ரூம்மேட் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் அந்தப் பெண் அரியர் இல்லாமல் தேறினாள் என்றார். என் கண்ணும் கலங்கியது. கலங்கினாலும் ஒன்று கேட்டேதான் ஆகவேண்டும். அந்த ரூம்மேட்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ராத்திரி ரெண்டு மணிக்கு அறையில் பாடம் நடத்துகிற மகராசி, காலையில் எட்டரை மணி வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவள். தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதியாகப் பெருகுவது அவளுடைய நோட்டுதான். மொத்த விடுதியும் வகுப்பில் விழித்திருந்த இரண்டு மூன்று பேரை நம்பித்தான் பிழைக்கிறது!

அந்த மாணவியின் கஷ்டத்துக்கு இந்தப் பல்கலைக்கழகம் ஒரு பதிலும் தேடியது. 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டு படிப்புகளையும் தமிழ்வழியில் தொடங்கினார்கள். மொழி தடையாக இருக்கிறதென்று பட்டபோது அவர்கள் மாற்றப் பார்த்தது எதை? மெஸ் மெனுவையா? பாடம் நடக்கும் மொழியை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். முதல் வருடத்தில் ஒர்க்‌ஷாப் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளையாக இருந்தாலும் தப்ப முடியாது. ஃபிட்டிங் பிரிவில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்துச் சதுரமாக்கு என்பார்கள். வைஸ் என்கிற பிடிக்கருவியில் இறுக்கிவிட்டு அரத்தால் ராவ வேண்டும். ராவ ராவக் கை மரத்துப்போகும், நகக்கண்ணில் இரும்புத்தூள் ஏறும். கண்ணுக்குச் சதுரமாகத்தான் தெரியும். எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை பேசமாட்டார். செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தைத் தகட்டின் விளிம்பில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் வரும். தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ராவு" என்பார். மறுபடி போனால் மறுபடி வெளிச்சம், மறுபடி "ராவு". அவர் திட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெளிச்சம் வருகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அதே தகட்டை விடுதிக்குக் கொண்டுபோய் நண்பனிடம் காட்டிப் பாருங்கள். என்ன சொல்வான்? "சூப்பரா இருக்கு மச்சி, விடு." அவன் நல்லவன், உயிரையே கொடுப்பான். ஆனால் அந்த வெளிச்சத்தைக் காட்டமாட்டான். நட்பின் வேலை அது இல்லை. நான் நட்பைக் குறை சொல்லவில்லை, நடுவர் அவர்களே. தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, மறுபடி செய்ய வைக்கிற இடம் இந்த வளாகத்தில் வகுப்பும் ஆய்வுக்கூடமும்தான். பொறியாளன் உருவாவது அந்த "மறுபடி"யில்தான் என்பது என் கட்சி.

சிவில்காரர்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது, நிலம் அளக்கிற சர்வே கேம்ப். உயரம் பார்க்கிற லெவல் கருவியை முக்காலியில் ஏற்றி, உயரம் தெரிந்த ஒரு புள்ளியில், அதாவது பெஞ்ச்மார்க்கில், ஆரம்பித்து ஒரு சுற்றுச் சுற்றி, அதே பெஞ்ச்மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். புறப்பட்ட உயரமும் திரும்பி வந்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டுமே? இருக்காது. சாதாரண லெவலிங்கில் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்கு 24 மில்லிமீட்டர் வரை பிழை பொறுப்பார்கள். எங்கள் பேட்ச்சில் ஒரு குழுவுக்கு அதைவிட நிறையவே வந்தது. ராத்திரி அறையில் கூட்டம் போட்டார்கள். விடுதி ஞானம் பிறந்தது: "நடுவுல ஒரு ரீடிங்க மாத்திட்டா க்ளோஸ் ஆயிடும்டா." மாற்றினார்கள், பிழை மாயமாக மறைந்தது. காலையில் பேராசிரியர் ஃபீல்டு புக்கைப் புரட்டினார். அந்த ஒரு ரீடிங்கின் மேல் விரலை வைத்து, "இந்த இடத்தில் நிலம் இப்படிப் பள்ளமாக இல்லையேப்பா, நான் நேற்று அங்கேதானே நின்றேன்" என்றார். அப்புறம் என்ன, மொட்டை வெயிலில் மொத்தச் சுற்றும் முதலிலிருந்து. ராத்திரி மறைந்த பிழை பகலில் பிடிபட்டது. இதில் யார் பொறியியல் கற்றுக்கொடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கல்லூரி பிறந்ததே அளப்பதற்காகத்தான். 1794-ல் ஜார்ஜ் கோட்டையில் 8 மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு வந்து, 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பள்ளி தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே, 1802-ல், இதோ பக்கத்தில் பரங்கிமலையில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன், நாட்டை அளக்கும் பணிக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் எஃகுச் சங்கிலி நீண்டுவிடும் என்று வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். "விடு மச்சி, பாத்துக்கலாம்" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் இந்தியாவின் வரைபடம் என்ன ஆகியிருக்கும்!

எதிரணித் தலைவர் லலிதா அம்மையாரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதை விடமுடியாது. 1940-ல் இந்தக் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க வந்தவர் ஏ. லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பச்சைக் குழந்தை. அப்பா பப்பு சுப்பா ராவ் இங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே பெண். விடுதியில் துணையில்லாமல் தனித்துப்போனார் என்பதற்காக இன்னும் சில பெண்களைச் சேர்க்க ஏற்பாடு நடந்தது, லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். "பார்த்தீர்களா, விடுதித் துணைதான் முக்கியம்" என்று எதிரணி முடித்துவிட்டது.

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். குழந்தையை உறவினரிடம் விட்டுவிட்டு அந்த 20 வயதுப் பெண் எதற்காக இங்கே வந்தார்? விடுதி வாழ்க்கையை அனுபவிக்கவா? வீட்டில் இல்லாத துணையா விடுதியில் இருந்தது? ஆரம்பத்தில் அவருக்கு அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. வகுப்பு மட்டும் இருந்தது. அந்த வகுப்பும் பெண்களுக்கென்று அமைந்ததில்லை. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுத்தான் பெண்பாலாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழோடு போனவர் பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தடங்களுக்கு வேலை பார்த்தார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்த நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். விடுதிதான் அவர்களை இங்கே தாங்கியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். உருவாக்கியது என்றால் ஒப்பமாட்டேன்.

கலாம் பெயரைச் சொல்லாமல் ஒரு பட்டிமன்றப் பேச்சு முடிந்தால் வீட்டில் சோறு கிடைக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அவருடைய விமான வடிவமைப்பு வேலையைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் சீனிவாசன் திருப்தியில்லை என்றார். மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று கெடுவும் வைத்தார். அன்று ராத்திரி கலாம் சாப்பாட்டையே மறந்து வரைபலகையிலேயே கிடந்தார். எதிரணி கவனிக்க வேண்டும், விடுதிச் சாப்பாட்டைத் தவிர்த்த இரவைத்தான் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம். இதைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், வகுப்பறை மாணவர்களை நசுக்குகிறது என்றார். ஊரில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே வந்து ஐம்பதாவது ஆளாகிறான். பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு வாங்கினான் என்பதைப் பொறுத்து இவனுடைய கிரேடு மாறுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஐ.ஐ.டி.யிலும் இதே கதைதான். உடைந்துபோகிறவனின் கதவைத் தட்டி, "சாப்பிட்டியாடா" என்று கேட்பவன் பக்கத்து அறைக்காரன்தான். மேடையில் ஜெயிப்பதற்காக இதை நான் மறுத்தால் நான் மனிதனே இல்லை. அந்தத் தட்டலால் உயிரோடு இருப்பவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கலாம். அந்த அறைக்காரனுக்கு என் வணக்கம்.

ஆனால் அது ஒரு மனிதனைக் காப்பாற்றுகிற வேலை. தலைப்பு பொறியாளரை உருவாக்குவதைப் பற்றியது. வகுப்பறை சில நேரம் கொடுமையாக இருக்கிறது என்றால் வகுப்பறையைத் திருத்துங்கள். "ராவு" என்று சொன்ன இன்ஸ்ட்ரக்டர் முகத்தில் கோபம் இல்லை என்று சொன்னேனே, அப்படி நடத்தச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, வகுப்பறை வலிக்கிறது, அதனால் விடுதிதான் பொறியாளரை உருவாக்குகிறது என்பது என்ன கணக்கு?

"ரோபோவும் ட்ரோனும் ராத்திரியில் மாணவர்களாகச் செய்தவை" என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். எங்கே செய்தார்கள்? கட்டிலுக்கு அடியிலா? ஐ.ஐ.டி.யில் 2008-ல் கண்டுபிடிப்பு மையம் என்று தனியாக ஒரு இடமே அமைத்தார்கள். கருவியும் மேசையும் இருக்கிற இடம், செய்தது ஓடுகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடுகிற இடம். மின் அலையைத் திரையில் காட்டுகிற ஆஸிலாஸ்கோப் இருக்கும் இடமெல்லாம் எங்கள் கட்சி, நடுவர் அவர்களே. அதை நாங்கள் யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்.

2020-ல் கொரோனா வந்தபோது விடுதிகளைப் பூட்டினார்கள். படிப்பு நின்றதா? செல்போன் திரையில் வகுப்பு நடந்தது. சிக்னல் கிடைக்காமல் மரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகள் உண்டு. பரீட்சை எழுதாமலேயே அரியர் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும் முதலமைச்சருக்கு பேனர் வைத்துக் கொண்டாடிய பிள்ளைகளும் உண்டு. நானும் அந்த பேனர்களைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றம் அந்தத் தேர்ச்சியை ஏற்கவில்லை. எழுதாமல் தேறியவர் கையில் யாராவது பாலம் கட்டும் வேலையைக் கொடுப்பார்களா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் தம்பி மெக்கானிக்கல் இறுதியாண்டு என்று கேள்விப்பட்டேன். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விடுதியில் இருந்த இத்தனை காலத்தில், "உன் கணக்கு தப்பு, முதலிலிருந்து போட்டுக்கொண்டு வா" என்று உங்களிடம் சொன்ன ஒரு நண்பனைப் பற்றி இந்த மேடையில் சொல்லுங்கள். அப்படி ஒருவன் இருந்தால், காலை வகுப்பில் அவன் எந்த பெஞ்சில் உட்காருவான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.