மீட்டர் கூடக் காட்டுது, முள்ளைப் பின்னாடி தள்ளி வெச்சா சரியாயிடுமா?

கேள்வி இதுதான்: "பழைய புல்லட் 350. டிஸ்க் பிரேக் வேணும்னு முன் சக்கரத்தை மாத்தினேன். அப்படியே புது ஸ்பீடோமீட்டரும் போட்டேன். போன்ல ஜிபிஎஸ் 60 காட்டும்போது மீட்டர் 84 காட்டுது. முள்ளும் நடுங்குது. கண்ணாடியைத் திறந்து முள்ளைப் பின்னாடி தள்ளி வெச்சா போதுமா?"

போதாதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 60-க்கு 84-ன்னா 1.4 மடங்கு. அப்போ 30-ல போனா 42 காட்டும். முள்ளை 24 பின்னாடி தள்ளினா 60-ல மட்டும் சரியா நிக்கும், 30-ல 18 காட்டும், நிஜ வேகம் 80-ல 88 காட்டும். ஒரே ஒரு இடத்துல சரி, மத்த எல்லா இடத்துலயும் தப்பு.

முள்ளைத் தொடறதுக்கு முன்னாடி கிலோமீட்டர் ஓட்டத்தைப் பாருங்க. மீட்டருக்குள்ள ரெண்டு வேலை தனித்தனியா நடக்குது. முன் சக்கரத்துலேர்ந்து வர்ற கேபிள் சுத்தும்போது ஒரு காந்தம் சுத்தும், அது பக்கத்துல இருக்கற அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் அதைப் பின்னாடி இழுத்துப் பிடிக்கும். முள் அந்தக் கிண்ணத்தோட தண்டுலதான் இருக்கு. கிலோமீட்டர் எண் அப்படி இல்ல, கேபிள்லேர்ந்து நேரா பல்சக்கரம் வழியா ஓடுது, காந்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால ஜிபிஎஸ்ல 10 கிலோமீட்டர் போங்க. மீட்டர்ல 14 ஏறியிருந்தா மீட்டர் நல்லா இருக்கு, கேபிள் வேகம்தான் பொருந்தல. 10-தான் ஏறியிருக்கு, முள் மட்டும் 84-ன்னா அப்போ ஸ்பிரிங், காந்தம், முள்ளு பக்கம் போகலாம்.

உங்க கேஸ்ல 14 ஏறும்னுதான் தோணுது. ஏன்னா ஜப்பான் டிசைன்ல வந்த பைக்குகள்ல கேபிள் கிலோமீட்டருக்கு 1400 சுத்து சுத்தும். ஸ்மித்ஸ்ங்கற பழைய பிரிட்டிஷ் கம்பெனி மாதிரி மீட்டர்கள்ல மைலுக்கு 1600, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 1000 சுத்து. பல மீட்டர்ல டயல் அடியில பொடி எழுத்துல இந்த எண் இருக்கும். 1400 குடுக்கற சக்கரத்துல 1000 கேக்கற மீட்டரை மாட்டினா சரியா இந்த 1.4 வரும்.

நம்பாதீங்க, அளந்துக்குங்க. கேபிளை மீட்டர் பக்கம் கழட்டி, இன்னர் (கேபிளுக்குள்ள சுத்தற கம்பி) நுனியில சின்னதா டேப் ஒட்டிக் கொடி மாதிரி விடுங்க. டயர்ல, தரையில சாக்பீஸ் கோடு. ஒருத்தர் வண்டி மேல உக்காந்திருக்கணும், இல்லன்னா டயர் அமுங்காம அளவு மாறிடும். சக்கரம் 10 சுத்து சுத்தற வரைக்கும் நேரா தள்ளுங்க. 19 இஞ்ச் சக்கரத்துக்கு 20 மீட்டர் பக்கம் வரும். அதுல கொடி 28 தடவை சுத்தினா 28-ஐ 20-ஆல வகுத்து 1000-ஆல பெருக்குங்க: 1400. மீட்டர்ல எண் இல்லன்னா, பழைய இன்னர் துண்டைப் பின்னாடி சொருகிக் கையால சுத்துங்க. 0.1 கிலோமீட்டர் ஏற 100 சுத்து ஆச்சுன்னா அது 1000 சுத்து மீட்டர், 140 ஆச்சுன்னா 1400 சுத்து மீட்டர்.

வழி ரெண்டு. 1400 சுத்து மீட்டரா வாங்கறது சுலபம். அதே மீட்டர்தான் வேணும்னா 1.4 சுத்தை 1-ஆக் குறைக்கற சின்ன கியர் பாக்ஸ் கேபிள் நடுவுல போடணும். ஆர்டர் குடுத்துத்தான் செய்யணும், செலவும் ஆகும்.

நடுக்கம் வேற விஷயம், அது பெரும்பாலும் கேபிள். இன்னரை உருவி மண்ணெண்ணெயில கழுவி, கீழ முக்கால் பங்குக்கு மட்டும் கிரீஸ் லேசாத் தடவுங்க. மேல ஒரு சாண் காய்ஞ்சே இருக்கட்டும். இன்னர் முறுக்குக் கம்பி இல்லையா, சுத்தச் சுத்த கிரீஸை மேல ஏத்திடும். அது மீட்டருக்குள்ள போய் கிண்ணத்துல ஒட்டிச்சுன்னா முள் கடைசி வரைக்கும் போய் அங்கயே நிக்கும். கேபிள் வளைவு 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கம்மியா இருக்கக் கூடாது. டிஸ்க் சக்கரம் மாத்தினவங்க பழைய கேபிளையே இழுத்துக் கட்டறது வழக்கம், அங்கதான் மடங்கும். ஆனா ரொம்பப் பழைய குரோனோமெட்ரிக் மீட்டர்ல (காந்தம் இல்லாம கடிகாரம் மாதிரி வேலை செய்யறது) முள் படிப்படியாத் தாவுறது இயல்பு, அதைக் கோளாறுன்னு நினைச்சுப் பிரிச்சுடாதீங்க.

சரி, கிலோமீட்டர் சரி, முள் மட்டும் தப்புன்னா? 30-லயும் 60-லயும் அதே 10 கூடன்னா முள் உக்காந்த இடம் தப்பு. 30-ல 5, 60-ல 10-ன்னு வளந்தா ஸ்பிரிங் அல்லது காந்தம்தான் காரணம். காந்தம் வயசாகித் தளந்தா குறைச்சுத்தான் காட்டும், அதுக்குத் திரும்பக் காந்தம் ஏத்தணும், வீட்ல முடியாது. 60-க்கு 63, 64 காட்டினா விட்டுடுங்க. நிஜத்தைவிடக் குறைச்சுக் காட்டறதுதான் ஆபத்து.

முள்ளைக் கழட்டறதுன்னா முதல்ல அதைப் பூஜ்யத்துல நிறுத்தி வெக்கற தடுப்பு ஊசிக்கு மேல மெதுவாத் தூக்கி விடுங்க. ஸ்பிரிங் இழுவையில பூஜ்யத்துக்கும் கீழ போய் நிக்கும். அந்த இடத்தை டயல்ல பென்சில்ல குறிங்க, திரும்பப் போடும்போது முள் அங்கதான் நிக்கணும். பூஜ்யத்துல வெச்சு அழுத்தினா எல்லா வேகத்துலயும் கூடக் காட்டும். கையால பிடுங்கினா தண்டு வளையும். டயல் மேல காகிதம் வெச்சு, ரெண்டு டீஸ்பூனை ரெண்டு பக்கமும் சொருகிச் சமமா நெம்புங்க.

சோதனைக்கு டிரில் மிஷின்ல இன்னர் துண்டு மாட்டுங்க. 1000 சுத்து மீட்டரா இருந்தா நிமிஷத்துக்கு 1000 சுத்துன்னா 60, 1400 சுத்து மீட்டரா இருந்தா 1400 சுத்துன்னா 60. எந்தப் பக்கம் சுத்தணும்னு முதல்ல கையால சுத்திப் பாருங்க, கிலோமீட்டர் ஏறுற பக்கம்தான் சரி. கிரைண்டிங் பண்ற மேஜையில இதை வெச்சுச் செய்யாதீங்க, இரும்புத் தூள் முழுக்க அந்தக் காந்தத்துல போய் ஒட்டிக்கும்.