சுவர் வியர்க்கும் ஊரில் ஒரு சூப்

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சுவரைப் பாருங்கள், கிட்டத்தில் காட்டுகிறேன். தண்ணீர் கோடு கோடாக வழிகிறதா? குழாய் உடையவில்லை, மேல்வீட்டில் ஒழுகவும் இல்லை. தென்சீனாவின் குவாங்சோ நகரத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அவ்வப்போது இப்படித்தான். ‘ஹுய்நான்தியன்’ என்பார்கள். குளிர்காலத்தில் சுவரும் தரையும் சில்லிட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில் தென்சீனக் கடலிலிருந்து சூடும் ஈரமுமாகக் காற்று வந்து மோதினால், பட்ட இடமெல்லாம் தண்ணீர். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். காற்றோட்டம் வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள், வேலை கெட்டது. அடைத்துவிட்டு ஏசியை ஈரம் இழுக்கும் மோடில் போடுங்கள். இருங்கள், லென்ஸும் வியர்த்துவிட்டது.

சரி. வீட்டுக்கு ஏறுகிற ஈரம் உடம்புக்கும் ஏறும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. அதற்குப் பெயர் ‘ஷீச்சி’. கை கால் கனம், தலையைச் சுற்றி எதையோ கட்டியது போல பாரம், பசி மந்தம், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. வைத்தியரிடம் போனால் நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கு உப்பி, ஓரத்தில் பல் பதிந்த தடம் இருந்து, மேலே வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தால் ஈரம் என்று முடிவு கட்டிவிடுவார்.

இந்த விளக்கத்தை அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஷீச்சி பெயரில் இங்கே நடக்கிற வியாபாரம் கொஞ்ச நஞ்சமில்லை. முடி கொட்டினால் ஷீச்சி, தொப்பை விழுந்தால் ஷீச்சி. ராத்திரி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு படுத்தால் காலையில் கறுத்துப்போகும் ஒட்டுப்பட்டை விற்கிறார்கள், உடம்பின் ஈரமெல்லாம் அதில் இறங்கிவிட்டதாம். அந்தப் பட்டையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பாருங்கள், காலே இல்லாமலும் கறுக்கும்.

ஆனால் அடுப்பில் இருக்கிற இந்தப் பானைக்கு நான் கட்சி. இங்கே மருந்து பெரும்பாலும் சூப்பாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. பருவம் மாறினால் பானைக்குள் இருப்பதும் மாறும். இந்த ஈர நாட்களுக்கு முக்கியமாக இரண்டே சாமான். ஒன்று யீமீ என்ற தானியம், ஜவ்வரிசியைவிடப் பெரிய வெள்ளை மணி, நடுவில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். இன்னொன்று சிவப்புப் பயறு. இதை வாங்கும்போது கவனம். உருண்டையாக இருப்பது இனிப்பு செய்வதற்கு. ஒல்லியாக, நீளவாக்கில் இருப்பதுதான் இந்தச் சூப்புக்கு. கடையில் கேட்காமல் எடுத்தால் உருண்டைதான் கையில் வரும்.

யீமீயைப் பச்சையாகப் போட்டால் குளிர்ச்சி என்பார்கள். வயிறு லேசானவர்கள் பாசிப்பருப்பை வறுப்பது போல வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ள வேண்டும். இதோ, லேசாகச் சிவந்து பொரி வாசம் வருகிறது, இந்தப் பதம் போதும். பயறைச் சில மணி நேரம் ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறு தீயில் விடுங்கள். கர்ப்பிணிகளுக்கு யீமீ வேண்டாம் என்பது இவர்கள் மருத்துவத்திலேயே இருக்கிற விலக்கு.

அசைவக்காரர்கள் பன்றி எலும்போடு து ஃபூலிங் என்ற கிழங்கைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டைக்குப் பங்காளி, ஒரே பேரினம். மார்ச்சில் தெருவோரத்து இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கொட்டும்போது, பெரியவர்கள் பை பையாகப் பூ பொறுக்கிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். காயவைத்துக் கஷாயத்துக்கும் சூப்புக்கும் போடுவார்கள். இந்த ஊரின் அடையாளப் பூவும் அதுதான்.

அப்புறம் லியாங்ச்சா. குளிர்ச்சித் தேநீர் என்று பேர், குடிப்பதோ சூடாக. தேயிலைத் தூளும் பெரும்பாலும் இருக்காது, முழுக்க மூலிகை. 2006-இல் சீன அரசின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தெருவுக்குத் தெரு கடை உண்டு. அங்கே ‘இருபத்துநாலு சுவை’ என்று ஒன்று விற்பார்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பழகிய நமக்கே முகம் கோணும். அதை உடம்புச் சூட்டுக்கு, தொண்டை எரிச்சலுக்கு என்று எப்போதாவது குடிப்பார்கள். நம் ஆட்கள் ஆரோக்கியம் என்று தினமும் ஒரு கப் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைத்தான் கெடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ சூப்பும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

உடுப்பு விஷயத்தில் இந்தப் பக்கத்துக் கன்டோனிய மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஐந்தாம் மாதக் கொழுக்கட்டை தின்னும்வரை குளிர் உடுப்பைப் பெட்டியில் வைக்காதே. அவர்கள் நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் என்றால் டிராகன் படகுத் திருவிழா, பெரும்பாலும் ஜூனில் வரும். நேற்று இங்கே டி-ஷர்ட் வெயில், இன்று காலை பல் கிடுகிடுத்தது. சொன்னவர் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

பானைக்குள் கறுப்பாக ஒன்று மிதக்கிறதே, அது சென்பீ, காய்ந்த ஆரஞ்சுத் தோல். மூன்று வருடமாவது பழகினால்தான் அதற்குச் சென்பீ என்றே பெயர். வயது ஏற ஏற விலையும் ஏறும். பேர்போனது பக்கத்தில் இருக்கிற ஷின்ஹுய் என்ற ஊரின் தோல். அங்கே தோல் உரித்துக் காயப்போடுவதைப் படம் எடுக்க ஆசை, ஆனால் பழம் வருவதே வருடக் கடைசியில்தான். நவம்பர் வரை பொறுங்கள். இப்போது உப்புப் போட்டு இறக்குகிறேன், சூப் தயார்.