தூரிகையை வைத்துவிட்டு வாளியைத் தூக்கியவர்

அன்பர்களே, வணக்கம். ஓவியர் ஃப்ராங்க் பௌலிங் பிறந்தது 1934ல், அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் பார்ட்டிகாவில். வளர்ந்தது நியூ ஆம்ஸ்டர்டாம். அங்கே அம்மா ஒரு பலசரக்குக் கடை நடத்தினார். அந்தக் கடை வீட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது திரும்ப வரும்.

1953ல், 19 வயதில், லண்டனுக்குப் போனார். கவிஞராக வேண்டும் என்பதுதான் ஆசை. விமானப்படையில் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் ஓவியத்துக்கு வந்தார். லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்ற கலைக் கல்லூரியில் 1962ல் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தங்கம் அதே வகுப்பின் டேவிட் ஹாக்னிக்கு. ஆனால் லண்டன் அவரை ‘கரீபிய ஓவியர்’ என்ற பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. 1966ல் நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே வரைந்ததுதான் வரைபட ஓவியங்கள். ஆளைவிடப் பெரிய துணியில் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா எல்லாம் வண்ண மூட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும். சில ஓவியங்களில் அந்தக் கடை வீடு சில்க் ஸ்கிரீன் அச்சாக, அதாவது மெல்லிய வலைத் திரை வழியே மை தள்ளி எடுக்கும் அச்சாகப் பதிந்திருக்கும். 1971ல் விட்னி அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. கறுப்பு ஓவியர் என்றால் போராட்டத்தைத்தான் வரைய வேண்டும் என்று பலர் எதிர்பார்த்த காலம் அது. எதை வரைவது என்பதை ஓவியன்தான் முடிவு செய்வான் என்று கட்டுரை கட்டுரையாக எழுதி வாதாடினார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1973 வாக்கில் வரைபடத்தையும் விட்டார். சாய்க்கக்கூடிய ஒரு மேடை செய்து, அதில் துணியைப் பொருத்தி, மேலிருந்து அக்ரிலிக் வண்ணத்தை ஊற்றினார். மஞ்சள் வழிந்து இறங்கும், இளஞ்சிவப்பு அதைத் துரத்தும், கீழே வந்ததும் இரண்டும் கலந்து சுருண்டு அப்படியே உறையும். எவ்வளவு சாய்ப்பது என்பது அவர் கையில், மீதி வண்ணத்தின் கையில்.

இங்கிலாந்தின் கலைஞர்கள் அமைப்பான ராயல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது 2005ல். கறுப்பு ஓவியர் ஒருவர் அங்கே நுழைந்தது அதுவே முதல் தடவை. லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தபோது 2019 ஆகிவிட்டது, அவருக்கு 85 வயது. இவ்வளவு காலம் காக்க வைத்தது அநியாயம் என்றுதான் சொல்வேன். அவரோ நிறுத்தவில்லை. முதுமையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எங்கே ஊற்ற வேண்டும், எதை ஒட்ட வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிச் சொல்லித் துணியை நிறைத்துக்கொண்டிருந்தார்.