35 கிலோமீட்டருக்கு அப்பால்

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் இந்தக் கோடை பண்பலை நிலையத்துக்குள் வருவது எனக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் இந்த மலைக்கு முன்பே பலமுறை வந்திருக்கிறேன், வேறு வேலையாக. வயர்லெஸ் துறையில் எம்.இ., எம்.டெக். படிப்பது பற்றிப் பிள்ளைகளும் பெற்றவர்களும் நிறையக் கேட்கிறார்கள், வந்து பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நான் ஏன் எம்.டெக். படிக்கப் போனேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதையும் இந்த மலையில்தான் ஆரம்பித்தது.

2004 வாக்கில் நான் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ஃபீல்ட் இன்ஜினியர். பேர் பெரிசு. வேலை என்னவென்றால், கார் பின் சீட்டில் லேப்டாப்பும் இரண்டு போனும் ஒரு ஜிபிஎஸ் கருவியுமாக உட்கார்ந்து, மொபைல் சிக்னலை அளந்துகொண்டே ஊர் ஊராகச் சுற்றுவது. டிரைவ் டெஸ்ட் என்பார்கள். போகப் போக வரைபடத்தில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளி விழுந்துகொண்டே வரும். எந்த வளைவில் போன் கால் கட்டாகும் என்பது என்னைவிட டிரைவர் அண்ணனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்போது நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புகார். மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர். விடிகாலையில் பூப் பறிக்கும்போதே கமிஷன் கடைக்குப் போன் போட்டு, இன்றைக்கு கிலோ என்ன போகிறது என்று கேட்டாக வேண்டும். போனில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, நம்பர் போட்டால் மட்டும் போவதே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நாலு கோடும் நிற்கிறது, கால் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தப் பக்கம் அப்போது டவர்கள் குறைவு. அந்தத் தோட்டத்துக்கு எட்டிய ஒரே சிக்னல் இந்த மலை மேலிருந்த டவரினுடையது. வரைபடத்தில் அளந்தால் 37 கிலோமீட்டர்.

அலுவலகத்தில் சொன்னேன். "35 தாண்டிடுச்சா? ஆன்டெனாவைக் கீழே சாய்ச்சிடு" என்றார்கள். சாய்த்தோம். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் சிக்னலே இல்லை. புகாரும் நின்றுவிட்டது. கணக்கில் 'தீர்க்கப்பட்டது' என்று எழுதினோம்.

கொஞ்ச நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது அவரைப் பார்த்தேன். "முன்னாடி கோடாவது தெரிஞ்சுது தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அந்த 35 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்ட ஆட்களுக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதினேன்.

இந்த 35-ஐ வகுப்பில் ஒரு பேராசிரியர் கால் மணி நேரத்தில் போர்டில் போட்டுக் காட்டினார். உங்களுக்கும் சொல்கிறேன், கணக்கு பெரிதில்லை. பழைய 2ஜி-யில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் முறை 577 மைக்ரோ வினாடி. தூரத்தில் இருப்பவரின் பேச்சு டவருக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அப்படித் தாமதமானால் அடுத்தவர் முறையில் போய் இடிக்கும். அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும், "நீ இவ்வளவு முன்கூட்டியே பேசத் தொடங்கு" என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஆறு பிட், அதாவது 0 அல்லது 1 எழுத ஆறு கட்டம். ஆறு பிட்டில் 0 முதல் 63 வரைதான் எழுத முடியும். எத்தனை பிட் நேரம் முன்கூட்டிப் பேச வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. காற்றில் ஒரு பிட்டை அனுப்ப ஆகும் நேரம் 3.69 மைக்ரோ வினாடி. 63 பிட்டுக்கு 232. இது போய்வரும் நேரம் என்பதால் பாதி, 116. ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும், மைக்ரோ வினாடிக்கு 300 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு அப்பால் இருக்கிற போனுக்கு டவர் பேசுவது நன்றாகவே கேட்கும், ஆனால் போன் பேசுவது டவருக்கு உரிய நேரத்தில் வந்து சேராது.

போர்டைப் பார்த்துக்கொண்டு அந்தப் பூக்காரரை நினைத்தேன். இதே மலையிலிருந்து வரும் வானொலி அவர் தோட்டத்தில் கணீரென்று கேட்டது. அதற்குப் பதில் பேச வேண்டியதில்லை, ஒருவழிப் பாதை. போனுக்கு இருவழியும் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இது தெரிந்திருந்தால் அன்றைக்கு வேறு யோசனை சொல்லியிருப்பேன். ஒருவருக்கு இரண்டு முறைகளைச் சேர்த்துக் கொடுத்து எல்லையை நீட்டிக்கும் வசதி 2ஜி-யிலேயே இருந்தது. ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை குறையும், அதனால் கம்பெனி ஒத்துக்கொண்டிருக்குமோ என்னவோ. கேட்கவாவது கேட்டிருக்கலாம்.

மேற்படிப்பு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். களத்தில் 'என்ன செய்ய வேண்டும்' என்பதைக் கற்றுக்கொண்டுவிடலாம். 'ஏன்' என்பதற்கு அந்த இரண்டு வருஷம் தேவைப்படுகிறது. அந்த 'ஏன்' கணக்கில் இருக்கிறது. நிகழ்தகவு, மேட்ரிக்ஸ், சிக்னல் பிராசசிங், 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் எழுதிய தகவல் கோட்பாடு. பி.இ.-யில் தேர்வுக்காக ஓட்டிவிட்டு வந்த அதே பாடங்கள்தான், இங்கே மறுபடி வந்து பிடித்துக்கொள்ளும். கணக்கு பிடிக்காது, ஆனால் 5ஜி பிடிக்கும் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். தம்பி, 5ஜி என்பதே கணக்குதான்.

ஒரு சின்ன உதாரணம். 5ஜி அதிகம் பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் எட்டரை சென்டிமீட்டர். சிக்னல் நேராக மட்டும் வராது. சுவர், பஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துப் பல வழியில் வரும். ஓர் இடத்தில் அவை ஒன்றையொன்று தூக்கிவிடும், நாலு சென்டிமீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துவிடும். சிக்னலின் வலிமை நூறில் ஒரு பங்காகக்கூட விழும். போனைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தால் சரியாகிறதே, அது இதுதான். ஃபேடிங் என்று பெயர்.

பல வழியில் வந்து தொந்தரவு தருகிற இந்தச் சிக்னல்களையே, தனித்தனியாகத் தகவல் அனுப்பும் பல குழாய்களாகப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். ஆரோக்கியசாமி பால்ராஜ், பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் அதிகாரி. கடற்படைதான் அவரை டெல்லி ஐஐடிக்குப் படிக்க அனுப்பியது, அங்கே முனைவர் பட்டம் வரை போனார். பிறகு கப்பல்களுக்கு, நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டுபிடிக்கும் சோனார் கருவி உருவாக்கும் பணி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போகும்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் மைமோ என்கிற பல ஆன்டெனா நுட்பத்துக்கான யோசனை. அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து பெற்ற காப்புரிமை 1994-இல் வந்தது. உங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் கொம்பு கொம்பாக நிற்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அந்த யோசனைதான். 2014-இல் தகவல் தொடர்புத் துறையின் பெரிய விருதான மார்க்கோனி பரிசு வாங்கினார். மேற்படிப்புக்கு வயதாகிவிட்டது என்று 26 வயதில் சொல்பவர்களிடம் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

இனி வேலை. நான் களத்தில் இருந்த காலத்துக்குப் பிறகு ஒரு கட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட மொபைல் கம்பெனிகள் இருந்தன. இன்று நாடு முழுக்கப் பார்த்தால் ஜியோ, ஏர்டெல், வி என்கிற வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல், அவ்வளவுதான். எனவே சேவை நிறுவனங்களில் வேலை முன்புபோலக் கொட்டிக் கிடக்கவில்லை. டிரைவ் டெஸ்ட் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களிடம் போய்விட்டது. அதற்கு எம்.இ. தேவையும் இல்லை.

எம்.இ. படித்தவர்களைத் தேடுகிற இடம் வேறு. கருவி செய்பவர்கள், சிப் செய்பவர்கள், சோதிப்பவர்கள். எரிக்சனின் ஆராய்ச்சிப் பிரிவு சென்னையில் இருக்கிறது. நோக்கியாவின் டவர் கருவிகள் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகின்றன. குவால்காம் 2024-இல் சென்னையில் ஒரு வடிவமைப்பு மையம் திறந்தது. வைஃபை போன்ற வயர்லெஸ் சிப் வேலைதான் அங்கே முக்கியம். அரசுப் பக்கம் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட், பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இஸ்ரோ. சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மையம் ஒன்று, மின்காந்தச் சோதனைக்கும் ஆன்டெனாவுக்குமே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதன் பெயரே தெரியாது.

இந்த இடங்களில் நேர்காணலுக்குப் போனால் இரண்டைப் பார்ப்பார்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்து, ஒரு சேனலை, அதாவது சிக்னல் வந்து சேரும் வழியை, கணக்காக எழுதிக் காட்டு என்பார்கள். அப்புறம் சி, சி++ மொழியில் புரோகிராம் எழுதச் சொல்வார்கள். போனுக்குள் சிக்னலைக் கையாளும் மோடம் என்பது இன்று பெரும்பாலும் மென்பொருள். தியரி தெரிந்து புரோகிராம் எழுத வராதவர் பாதி வழியில் நின்றுவிடுவார். புரோகிராம் மட்டும் தெரிந்தவருக்கோ வேறு நூறு வேலை இருக்கிறது, இங்கே வர மாட்டார். இரண்டும் கைவசம் இருப்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்தத் துறையில் இன்னமும் கிராக்கி.

ஒரு அம்மா என்னிடம், "பொண்ணு டவர்ல ஏறணுமாப்பா?" என்று கேட்டார். இல்லை அம்மா. டவரில் ஏறுவதற்குப் பயிற்சி பெற்ற ரிக்கர்கள் இருக்கிறார்கள், அது தனித் தொழில். என்னோடு வேலை செய்யும் பெண்களில் பலர் டவரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

சேர்வது எப்படி? கேட் தேர்வில் எலெக்ட்ரானிக்ஸ் தாள். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அதை வைத்து ஐஐடி, என்ஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி. கேட் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அதன் கீழ் வரும் கல்லூரிகளுக்கும் சீட்டா என்ற தனித் தேர்வும் இருக்கிறது. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் என்ற பெயரில்தான் பெரும்பாலும் இந்தப் படிப்பு இருக்கும். வெளிநாடு என்றால் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகம். 6ஜி ஆராய்ச்சிக்கென்று 2018-லேயே அங்கே ஒரு பெரிய திட்டம் தொடங்கிவிட்டார்கள். கட்டணம் உண்டு, டிசம்பர் கடைசியில் சூரியன் நாலு மணி நேரம்கூடத் தெரியாது. இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். நேரில் போய் லேப் எங்கே என்று கேளுங்கள். நான் பி.இ. படித்த கல்லூரியில் சிக்னலை அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று இருந்தது. விலை உயர்ந்த கருவி. நீலத் துணி போட்டு மூடி, மேலே சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குத் துணியை எடுப்பார்கள், மறுநாள் மறுபடி மூடிவிடுவார்கள். நாலு வருஷத்தில் அது ஓடி நான் பார்க்கவில்லை. கருவியில் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேரலாம்.

சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய 5ஜி டெஸ்ட்பெட், அதாவது சோதனைக் களம், ஒன்று 2022-இல் திறக்கப்பட்டது. அதில் வேலை பார்த்த மாணவர்கள் உண்மையான 5ஜி டவரின் உள்ளுறுப்புகளைத் தாங்களே உருவாக்கியவர்கள். கிராமங்களுக்காக நம் நாட்டிலிருந்து போன ஒரு திருத்தமும் 5ஜி-யின் உலகப் பொது விதிகளில் இடம்பிடித்தது. பெரிய பரப்புக்கு ஒரே டவர் போதுமாறு எட்டும் தூரத்தைக் கூட்டும் முறை அது. எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. 2ஜி-யின் விதிகளை எழுதியவர்கள் நிலக்கோட்டையைப் பார்த்ததில்லை. இப்போது விதி எழுதுகிற அறையில் நம் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். 4ஜி-யிலேயே அந்த 35 கிலோமீட்டர் எல்லை 100 ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் சேருவதற்கு முன்பே, இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க வழி இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 5ஜி-யின் விதிப் புத்தகங்களை 3ஜிபிபி அமைப்பு இலவசமாகவே கொடுக்கிறது. 38.211 என்ற எண்ணுள்ளதை இறக்கிப் பாருங்கள். முதல் தடவை தலை சுற்றும், பரவாயில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று, ரேடியோ அலைகளைப் பிடித்து லேப்டாப்பில் காட்டும் பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பில் செருகி, இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, 100.5 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். திரையில் ஒரு மேடு எழும். அதுதான் இந்த நிலையம். ஆள் பேசும்போது அந்த மேடு அகலமாகப் பரந்து துடிக்கும், பேச்சு நின்றால் ஒடுங்கிவிடும். கருவி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இப்போதே திரையைப் பாருங்கள், நான் நிறுத்துகிறேன்.

வணக்கம்.