ஒரு ஜோடி பூட்ஸ், நான்கு சிப்பாய்கள்: போர் நாவலை இப்படிப் படித்துப் பாருங்கள்

(திரை இருட்டு. ஒரு ஜோடி பூட்ஸ் மேல் மட்டும் வெளிச்சம்.)

சாகக் கிடக்கிற நண்பனைப் பார்க்க ஒருவன் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகிறான். நண்பனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குக் கீழே அவனுடைய அருமையான பூட்ஸ் இருக்கிறது. பார்க்கப் போனவன் அந்த பூட்ஸைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கிறான்.

இவன் நல்லவனா, கெட்டவனா? ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதில் ஆடும்.

வணக்கம். போர் நாவலைக் கொடுத்துப் பாத்திரப் படைப்பையும் கருப்பொருளையும் விளக்கச் சொன்னால் நம்மில் பலர் என்ன எழுதுகிறோம்? நாயகன் வீரமானவன், கருப்பொருள் போரின் கொடுமை. தப்பே இல்லை. ஆனால் இந்தப் பதிலை எழுத நாவலைத் திறக்கவே வேண்டாமே! அதுதான் எனக்கு வருத்தம். அந்த நாவலுக்கு மட்டுமே பொருந்துகிற பதிலை எப்படிப் பிடிப்பது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதல் உலகப்போர், 1914 முதல் 1918 வரை. அதில் ஜெர்மன் சிப்பாயாக இருந்து காயம்பட்ட ரெமார்க், போர் முடிந்து ஏறக்குறைய பத்து வருடம் கழித்து எழுதிய நாவல் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’. 1929இல் புத்தகமாக வந்தது. ஒரே வகுப்பில் படித்த பையன்கள் சேர்ந்தே போருக்குப் போகிறார்கள். அவ்வளவு போதும். இனிமேல் கதையைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், வீடியோ இங்கேயேதான் இருக்கும்.

சரி, பூட்ஸுக்கு வருவோம்.

அது ஜெர்மன் பூட்ஸே இல்லை. இங்கிலாந்தில் செய்தது. முழங்கால் வரைக்கும் ஏறி, மேலே வரை கயிறு கட்டுகிற மிருதுவான மஞ்சள் தோல். கால் போனவன் பெயர் கெம்மரிக். கேட்டவன் முல்லர். கதையைச் சொல்கிற பால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு முல்லர் மேல் கோபம் வரவில்லை. இந்த பூட்ஸ் கெம்மரிக்குக்கு உதவும் என்றால் முல்லர் முள்கம்பி மேல் வெறுங்காலோடு நடப்பானே தவிர அதைத் தொடமாட்டான் என்கிறான். இந்த ஒரு வரியில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். முல்லர் கல்நெஞ்சன் இல்லை. நல்ல பூட்ஸ் கிடைப்பது அரிது, கெம்மரிக்குக்கு இனி அது ஆகாது, முல்லருக்கு ஆகும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு இவ்வளவு இயல்பாக வருகிறதே, அதுதான் நம்மை உலுக்குகிறது.

அப்புறம் என்ன நடக்கிறது, பாருங்கள். சாவதற்கு முன் கெம்மரிக்கே பாலிடம் பூட்ஸை முல்லருக்குக் கொண்டுபோகச் சொல்கிறான். முல்லர் போட்டுப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. பின்னால் முல்லர் சாகும்போது பூட்ஸ் பாலுக்கு வருகிறது. பால் தனக்கு அடுத்து அது கூட இருக்கிற இன்னொரு சிப்பாய் யாடனுக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறான். இருபது வயதுப் பையன் தன் காலில் இருக்கிற பூட்ஸுக்கு வாரிசு சொல்கிறான்! அழுகை, புலம்பல் எதுவும் இல்லாமல் ஒரு வாக்கியத்தில் ரெமார்க் அதை முடித்துவிடுகிறார். போர் கொடியது என்று நூறு பக்கம் பேசினாலும் இது வருமா?

(திரையில் நான்கு பெயர்கள்: கெம்மரிக், முல்லர், பால், யாடன்.)

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கருப்பொருள் என்ற சொல்லை இன்று ‘மையக் கருத்து’ என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். நம் பழைய இலக்கணத்தில் அதற்குப் பொருளே வேறு. ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், இவையெல்லாம்தான் அங்கே கருப்பொருள். காத்திருத்தல், பிரிதல், ஊடுதல் என்று பாட்டு எந்த உணர்வில் நிற்கிறதோ அது உரிப்பொருள். அதாவது கண்ணுக்குத் தெரிகிற பொருளைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உணர்வுக்குப் போகிற பாதையை நம் ஆட்கள் எப்போதோ போட்டு வைத்துவிட்டார்கள். சங்கப் பாட்டில் மயிலும் முல்லைப் பூவும் செய்கிற வேலையை இந்த நாவலில் பூட்ஸ் செய்கிறது. போர் நாவலைப் படிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஆகவே கைமாறுகிற ஒரு பொருளைத் தேடுங்கள். அது ஒவ்வொருவர் கைக்கு வரும்போதும் அவர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கருப்பொருளை ஒற்றைச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘போரின் கொடுமை’ வேண்டாம். ‘நண்பன் மேல் உயிரையே வைத்திருப்பவனும் அவன் சாவை ஒரு கணக்காகப் பார்க்கப் பழகிவிடுகிறான்’ என்று எழுதிப் பாருங்கள். இது இந்த நாவலின் பதில்.

பொருள் எதுவும் சிக்கவில்லையா? ஒரு பாத்திரம் போருக்கு முன் எதைக் கேட்டது, போருக்குப் பின் கையில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நினைவிருக்கிறதா? படிப்பதற்காகக் காஞ்சிக்கு வருகிற இளைஞன் பரஞ்சோதி வேல் ஏந்தித் தளபதியாகி, பகைவரான சாளுக்கியரின் தலைநகர் வாதாபியை அழித்துவிட்டு, ஆயுதத்தை வைத்துவிட்டுச் சிறுத்தொண்டர் என்கிற சிவனடியாராகிறான். வாதாபியில் சிறைப்பட்ட நடனப் பெண் சிவகாமி கேட்டது இரண்டு: வாதாபி எரியவேண்டும், தான் காதலிக்கிற பல்லவ நரசிம்மர் வந்து தன்னை அழைத்துப்போகவேண்டும். இரண்டும் நடக்கின்றன. ஆனால் அதற்குள் நரசிம்மருக்கு வேறு பெண்ணோடு கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். சபதம் பலித்துவிட்டது, அதைச் சொன்ன பெண் தனியாக நிற்கிறாள். வெற்றியோடு முடிகிற போரில் இந்த வெறுமையை வைத்ததற்காகவே கல்கியைக் கொண்டாடலாம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.

இப்போது முல்லருக்கு வருவோம். முதலில் மனத்தில் வைத்த பதில் இன்னும் அப்படியே இருக்கிறதா? மாறியிருந்தால் எந்த இடத்தில் மாறியது என்று எழுதுங்கள். கூடவே, நீங்கள் படித்த போர் நாவலில் கைமாறுகிற பொருள் ஒன்றையும் சொல்லுங்கள். வாள், கடிதம், மோதிரம், எதுவானாலும் சரி. அடுத்த வீடியோவுக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.